அதெல்லாம் கேக்க மாட்டாங்க மாமா!

போன வாரம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா பையன் பத்தாங்கிளாஸ். கூடத்துல உக்காந்து கணக்கு போட்டுக்கிட்டிருந்தான். நமக்கு வாய் சும்மா இருக்குமா? என்னடா பாடம்னு எட்டிப் பார்த்தேன். புள்ளியியல். பத்து பேர் வாங்கின மார்க்கைக் கொடுத்து திட்ட விலக்கம் கண்டுபிடிக்கச் சொல்லியிருந்தாங்க. நாமெல்லாம் காலேஜ்ல ஸ்டாண்டர்ட் டீவியேஷன்னு உருட்டினோமே, அதேதான்.

மார்க் எல்லாம் 35-க்கும் 52-க்கும் நடுவுல. ஸ்கேல் வச்சு கோடு போட்டு, அட்டவணை அவ்வளவு அழகு. விடை: 28.

"தப்புடா"ன்னேன்.

"எப்படி மாமா? நீங்க கூட்டிக்கூடப் பார்க்கலையே!"

கூட்டிப் பார்க்கத் தேவையே இல்லை மக்களே. அதிக மார்க்குக்கும் குறைந்த மார்க்குக்கும் உள்ள தூரமே 17-தான். திட்ட விலக்கம்ங்கிறது ஒவ்வொருத்தரும் சராசரியிலிருந்து ஏறத்தாழ எவ்வளவு தள்ளி நிக்கிறாங்கன்னு சொல்ற எண். எல்லாருமே 17-க்குள்ள அடங்கி நிக்கும்போது 28 எப்படி வரும்? இன்னும் சொல்லப்போனா, வீச்சில் பாதியைக்கூட அது தாண்டாது. படுமோசமா சிதறினா என்ன ஆகும்? பாதிப் பேர் இந்தக் கடைசி, பாதிப் பேர் அந்தக் கடைசி. அப்பவும் ஒவ்வொருத்தரும் நடுவிலிருந்து எட்டரை தள்ளித்தான் நிப்பாங்க. அதுக்கு மேல சிதற இடமே கிடையாது.

பையன் கடைசி வரியில வர்க்கமூலம் எடுக்க மறந்திருந்தான். எடுத்ததும் 5.29 வந்தது. "சரி, 5.29-ன்னா என்னடா அர்த்தம்?"னு கேட்டேன். என்னை ஒரு பரிதாபப் பார்வை பார்த்துட்டு சொன்னான்: "அதெல்லாம் கேக்க மாட்டாங்க மாமா."

இந்த ஒரு வரிதான் ஒரு வாரமா மண்டைக்குள்ள குடையுது. பையனைக் குத்தம் சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. நானும் அப்படிப் படிச்சு, முழு மார்க் வாங்கி, அப்புறம் அடி வாங்கினவன்தான்.

அந்தக் கதையையும் சொல்லிடறேன். படிப்பு முடிஞ்சதும் கோவைப் பக்கம் ஒரு நூற்பாலையில ட்ரெயினியா சேர்ந்தேன். தரக்கட்டுப்பாட்டு லேப். தினமும் ஸ்பின்னிங்லேர்ந்து பாபின்களைக் கொண்டுவந்து, ஒவ்வொண்ணுலயும் 120 கஜம் சுத்தி எடுத்து, எடை போட்டு, நூல் என்ன நம்பர்னு பார்க்கணும். நம்பர் கூடக்கூட நூல் மெலிசு. அன்னிக்கு வேண்டியது நாப்பதாம் நம்பர். இருபது பாபின் பார்த்தேன். சராசரி அச்சு அசலா 40. சந்தோஷமா ரிப்போர்ட்ல 40-ன்னு எழுதி கையெழுத்துப் போட்டேன்.

மூணு வாரம் கழிச்சு சரக்கு திரும்பி வந்தது. கூடவே அதில் நெய்த துணியும் வந்தது. துணியில பட்டை பட்டையா கோடு. ஒரு பட்டை அடர்த்தியா, அடுத்தது வெளிறி. என் சூப்பர்வைசர் திட்டலை. துணியை ஜன்னல் வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சு, "இதுதான் தம்பி நீ எழுதின நாப்பது"ன்னார்.

ஒரு பாபின் முப்பத்தேழரை, இன்னொண்ணு நாப்பத்திரண்டரை. சராசரி நாப்பதுதான். ஆனா தறிக்கு சராசரி நூல் போகாது, அந்தந்தப் பாபின் நூல்தான் போகும். பழைய தாளை எடுத்து மாறுபாட்டுக் கெழு போட்டுப் பார்த்தேன். நாலைத் தொட்டது. அந்த மில்லில ரெண்டைத் தாண்டினாலே மெஷினைப் பார்க்க ஓடுவாங்க. திட்ட விலக்கத்தை சராசரியால வகுத்து நூறால பெருக்கணும், அவ்வளவுதான் மாறுபாட்டுக் கெழு. பரீட்சையில கண்ணை மூடிக்கிட்டுப் போட்ட கணக்கு. பாபின் கையில இருக்கும்போது அது ஞாபகத்துக்கே வரலை. ஏன்னா அது எதுக்குன்னு யாரும் சொல்லலை, நானும் கேக்கலை.

சரி, இப்ப விஷயத்துக்கு வர்றேன். பத்தாம் வகுப்புல இந்தப் பாடத்தை எப்படி நடத்தறோம்? வீச்சு, விலக்க வர்க்கச் சராசரி, திட்ட விலக்கம், மாறுபாட்டுக் கெழு. இதுல திட்ட விலக்கத்துக்கு மட்டும் நேரடி முறை, சராசரி முறை, ஊகச் சராசரி முறை, படி விலக்க முறைன்னு நாலு வழி. நாலும் ஒரே விடைக்குத்தான் போய்ச் சேருது. கால்குலேட்டர் இல்லாத காலத்துல பெரிய எண்களைக் கையால பெருக்கி மாளாதுன்னு, வேலையைக் குறைக்க உதவின சுருக்கு வழிகள் ஊகச் சராசரியும் படி விலக்கமும். இன்னிக்கு சட்டைப்பையில போன். ஆனா பையன் எந்தக் கணக்குக்கு எந்த வழின்னு மனப்பாடம் பண்றான். அளக்கிற பொருளை விட்டுட்டு அளவுகோலைத் தேய்ச்சுத் தேய்ச்சு மெருகு ஏத்தறோம்.

என் கட்சி இதுதான்: சூத்திரம் கடைசியா வரட்டும். கேள்வி முதல்ல வரட்டும்.

அன்னிக்கே அவன்கிட்ட இதை முயற்சி பண்ணினேன். நோட்டை மூடச் சொல்லிட்டு, ரெண்டு பஸ் கதை சொன்னேன். நானா உருவாக்கின கணக்குதான். ஒரு பஸ் அஞ்சு நாள்ல முறையே 9, 10, 11, 10, 10 நிமிஷம் லேட். இன்னொரு பஸ் 0, 25, 2, 20, 3. ரெண்டுக்கும் சராசரி பத்து நிமிஷம். "பப்ளிக் எக்ஸாம் அன்னிக்கு எதுலடா போவே?"

"முதல் பஸ்தான் மாமா. பத்து நிமிஷம் முன்னாடி கிளம்பினா போதும். ரெண்டாவதை நம்ப முடியாது."

பார்த்தீங்களா? பரவல்னா என்னன்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்கு! 'நம்ப முடியாது'ங்கிறதை எண்ணாச் சொல்லுன்னேன். முதல்ல பெருசுலேர்ந்து சிறுசைக் கழிச்சான். 2, 25. அதான் வீச்சு. "நடுவுல இருக்கிற மூணு நாளை விட்டுட்டியே"ன்னதும், ஒவ்வொரு நாளும் பத்திலிருந்து எவ்வளவு தள்ளின்னு எழுதினான். ரெண்டாவது பஸ்ஸுக்கு மைனஸ் 10, பிளஸ் 15, மைனஸ் 8, பிளஸ் 10, மைனஸ் 7. கூட்டினான். பூஜ்யம்! முழிச்சான். முதல் பஸ்ஸுக்கும் பூஜ்யம். அந்த முழி ரொம்ப முக்கியம் மக்களே. சராசரின்னாலே ரெண்டு பக்கமும் சமமா இழுபடற இடம்தான், அதனால கூட்டினா பூஜ்யம்தான் வரும்னு அவனே முட்டிக்கிட்டுத் தெரிஞ்சுக்கிட்டான்.

அப்புறம் மைனஸைத் தூக்கிட்டு வெறும் தூரத்தை மட்டும் சராசரி எடுத்தான். முதல் பஸ்ஸுக்கு 0.4, ரெண்டாவதுக்கு 10. 'சராசரியா பத்து நிமிஷம் இப்படியோ அப்படியோ தள்ளிப் போகும்' - இதுல புரியாததுக்கு என்ன இருக்கு? இங்கே நின்னு மூச்சு விட்டுட்டு அப்புறமா வர்க்கத்துக்குப் போகலாம். மைனஸை ஒழிக்க இன்னொரு வழி வர்க்கம். அது பெரிய விலகலுக்குப் பெரிய தண்டனை கொடுக்கும். 15 நிமிஷ விலகல் 225 ஆயிடும். கூட்டி, அஞ்சால வகுத்து, வர்க்கமூலம் எடுத்தா ரெண்டாவது பஸ்ஸுக்கு 10.4, முதல் பஸ்ஸுக்கு 0.63. வெறும் தூரமே போதுமே, வர்க்கம் எதுக்குன்னு அவன் கேட்டான். நியாயமான கேள்வி. ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமில்லாத ரெண்டு ஆட்டங்கள் சேரும்போது, விலக்க வர்க்கச் சராசரிகளை அப்படியே கூட்டிக்கலாம், வெறும் தூரத்தை அப்படிக் கூட்ட முடியாது. மேல்படிப்புப் புள்ளியியல் பெரும்பாலும் அந்த வசதி மேலதான் நிக்குது.

இந்தப் பேர்கள்கூட வானத்துலேர்ந்து குதிக்கலை. திட்ட விலக்கத்துக்கு இப்ப வழங்கற இங்கிலீஷ் பேரை கார்ல் பியர்சன் வச்சது 1890-களில். விலக்க வர்க்கச் சராசரிக்கு 'வேரியன்ஸ்'னு ரொனால்ட் ஃபிஷர் பேர் வச்சது 1918-ல். மனுஷங்க தேவைக்காகச் செஞ்ச கருவிதான்னு பசங்களுக்குச் சொன்னாலே பாதி பயம் போயிடும்.

டீச்சரா இருக்கிற நண்பர் ஒருத்தர்கிட்ட இதைப் பேசினேன். "ஒரு கிளாஸ்ல அம்பது பேர், போர்ஷன் முடிக்கணும், உன் பஸ் கதைக்கு எங்கே நேரம்?"னார். அவர் பக்கமும் நியாயம் இருக்கு. ஸ்டெப் மார்க்னு ஒண்ணு இருக்கறதாலதான் லட்சக்கணக்கான தாள்களை ஒரே மாதிரி திருத்த முடியுது. கையால ஒரு தடவையாவது முழுசாப் போட்டாத்தான் சூத்திரம் உள்ளே இறங்கும்ங்கிறதையும் ஒத்துக்கறேன். ஆனா நாலு வழியை ஒண்ணாக் குறைச்சா நாலஞ்சு பீரியட் மிச்சம். அதுல ஒண்ணை மட்டும் இப்படிச் செலவு பண்ணலாம். வகுப்புல இருக்கிற ஒரே பெஞ்சை அம்பது பேரும் பள்ளிக்கூட ஸ்கேலால அளக்கட்டும், ஒருத்தர் விடையை இன்னொருத்தர் பார்க்காம. அடுத்து அவங்கவங்க ஜாண் நீளத்தை அளக்கட்டும். ரெண்டையும் போர்டுல ஒரு கோடு போட்டு, கோலப்புள்ளி மாதிரி புள்ளி வச்சிட்டே வரட்டும். பெஞ்சுப் புள்ளிகள் சிதறினா அது நம்ம அளவையில இருக்கிற பிசகு. பெஞ்சு நீளம் ஆளுக்கு ஆள் மாறாதே! ஜாண் புள்ளிகள் சிதறினா, அதுல பெரும்பங்கு நிஜமாவே கைக்குக் கை இருக்கிற வித்தியாசம். மாறுபாடுன்னா இப்படி ரெண்டு வகை இருக்குன்னு அந்த ஒரு பீரியட்ல கண்ணால பார்த்துடுவாங்க.

பரீட்சையிலயும் ஒரே ஒரு ரெண்டு மார்க் கேள்வி போதும். "மதிப்பெண்கள் 35 முதல் 52 வரை. ஒருவர் திட்ட விலக்கம் 28 என்கிறார். இது சரியாக இருக்க முடியுமா? ஏன்?" கேள்வித்தாள்ல வந்துட்டா பாடத்துலயும் வந்துடும். நம்ம ஊர் அப்படித்தான்.

இதுக்கு எதுக்குய்யா இவ்வளவு ஆவேசம்னு கேக்கலாம். சென்னையில வருஷத்துக்கு சராசரியா ஏறக்குறைய 1400 மில்லிமீட்டர் மழை. கேட்டா வளமான ஊர் மாதிரித்தான் தெரியும். அதே ஊர்தான் 2015 டிசம்பர்ல வெள்ளத்துல மூழ்கிச்சு. 2019 கோடையில ஏரிகள் வறண்டு, ஜனங்க குடத்தோட லாரிக்குக் காத்துக் கிடந்தாங்க. சராசரியை நம்பி ஏரி பராமரிக்க முடியாது, வீடு கட்ட முடியாது. தனிநபர் வருமானம், பள்ளித் தேர்ச்சி, கம்பெனிக்காரன் சொல்ற சராசரி சம்பளம் - எல்லாத்துலயும் நம்ம கையில கொடுக்கறது ஒத்தை எண். 'சராசரி சரி, சிதறல் எவ்வளவு?'ன்னு திருப்பிக் கேக்கத் தெரிஞ்ச ஒரு தலைமுறை வேணும்னா, அந்தக் கேள்வி பத்தாங்கிளாஸ்லயே நாக்குல ஏறணும்.

கிளம்பும்போது பையன் நோட்டுல அடுத்த கணக்கைப் போட்டுக்கிட்டிருந்தான். சூத்திரத்துக்குப் போறதுக்கு முன்னாடி ஓரமா பென்சில்ல ஒரு எண் எழுதியிருந்தான். என்னடா அதுன்னேன். "வீச்சுல பாதி மாமா. இதுக்கு மேல வந்தா தப்பு."

நமக்கு அது போதும் :-)

பி.கு: யாராவது என் ரெண்டாவது பஸ்ஸை ஸ்ப்ரெட்ஷீட்டுல போட்டுப் பார்த்துட்டு "10.4 இல்ல, 11.6 வருது"ன்னு சண்டைக்கு வரப் போறீங்க, தெரியும். அது அஞ்சுக்குப் பதிலா நாலால வகுக்குது. கையில இருக்கிறது மொத்தமும் இல்ல, ஒரு மாதிரி மட்டும்னு எடுத்துக்கிட்டா அப்படித்தான் வகுக்கணும். மாதிரியிலிருந்தே சராசரியை எடுக்கறதால விலகல்கள் கொஞ்சம் சின்னதாத் தெரியும், அதை ஈடுகட்டத்தான் ஒண்ணு குறைக்கறது. பத்தாம் வகுப்புக் கணக்குல முழுசாலதான் வகுக்கறாங்க. வீச்சில் பாதிங்கிற விதியும் அப்படி வகுக்கும்போதுதான் செல்லும். உங்க வீட்டுப் பிள்ளைங்ககிட்டயும் 'என்ன அர்த்தம்?'னு கேட்டுப் பாருங்க. என்ன பதில் வந்துதுன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க.