அழைத்தவர் கடமை

ஜெர்மானியர் நேரந் தவறாதவர் என்ற அபிப்பிராயம் உலகெங்கும் பரவியது. நம் நாட்டிலும் படித்த வகுப்பாரிடையே அது நெடுங்காலமாக வேரூன்றியிருக்கிறது. யந்திரத் திறமைக்கும் ஒழுங்குக்கும் உதாரணம் காட்ட வேண்டுமானால் நம்மவர் ஜெர்மனியையே சுட்டிக் காட்டுவர். இந்தக் கீர்த்தியை நம்பி 2024-ஆம் வருஷம் ஜூன், ஜூலை மாதங்களில் ஐரோப்பியக் கால்பந்துப் போட்டியைக் காண அத்தேசத்துக்குச் சென்ற லட்சக்கணக்கான ரஸிகர்கள் கண்ட காட்சி வேறு. ஆட்டத்தை எண்ணி அவர்கள் கவலைப்பட்டதைவிட, ஆட்டம் நடக்கும் ஊருக்கு உரிய வேளையில் போய்ச் சேருவோமா, இரவில் திரும்பி வருவோமா என்று கவலைப்பட்டதே அதிகம். இது விளையாட்டுப் பக்கத்தோடு ஒழிய வேண்டிய சமாசாரமன்று. பொது ஜனங்களைப் பெருந்திரளாக அழைக்கிறவர்கள் அவர்களுக்குச் செய்ய வேண்டிய கடமை யாது என்ற கேள்வி இதில் அடங்கியிருக்கிறது.

கால்பந்துக்கும் ரயிலுக்கும் உள்ள உறவு பழமையானது. இங்கிலாந்தில் 1850-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம் நெசவாலைத் தொழிலாளிகளுக்குச் சனிக்கிழமை பிற்பகலில் ஓய்வு அளித்தது. அந்த ஓய்வு ஆட்டத்துக்கு நேரம் தந்தது. ரயில் வண்டியோ வெளியூர் ஆட்டத்துக்கு வழி தந்தது. 1888-ல் பன்னிரண்டு கிளப்புகள் கூடிக் கால்பந்து லீகை ஸ்தாபித்து ஊர் ஊராகச் சென்று ஆடியது ரயில் இல்லாவிடில் கைகூடியிராது. ஜெர்மனியிலும் அப்படியே. அத்தேசத்தின் முதல் நீராவி ரயில் 1835 டிசம்பர் 7-ந் தேதி நூரம்பெர்க் நகரத்துக்கும் பூர்த் நகரத்துக்கும் இடையே ஓடியது. பிற்காலத்தில் அவ்விரண்டு ஊர்களும் கால்பந்தில் ஜன்மப் பகைவர்களாயின. 1924-ல் இவ்விரு ஊர்களின் ஆட்டக்காரர்களே சேர்ந்து தேசத்தின் சார்பில் ஆம்ஸ்டர்டாமுக்கு ஆடப் போனபோது, ஒரே ரயிலில் தனித் தனி வண்டிகளில் ஏறிச் சென்றார்கள் என்று சரித்திரம் எழுதுவோர் கூறுவர். அன்று பகைமை பாராட்டுவதற்கும் ரயிலில் இடமிருந்தது! நூறு வருஷம் கழித்து அதே தேசத்தில் சிநேகிதரோடு நிற்பதற்கும் இடமில்லை.

2024-ஆம் வருஷப் போட்டி பத்து நகரங்களில் நடந்தது. 24 தேசங்களின் கோஷ்டிகள் ஒரு மாதத்தில் 51 பந்தயங்கள் ஆடின. மோட்டார் வண்டியை விட்டு ரயிலில் வாருங்கள் என்று ரஸிகர்களைக் கேட்டுக்கொண்டவர்கள் போட்டியை நடத்தியவர்களே. பந்தய டிக்கெட்டு வைத்திருப்போர் 36 மணி நேரம் உள்ளூர் வண்டிகளில் இலவசமாகப் போகலாம் என்றார்கள். தூர ரயில்களுக்கும் கட்டணத்தைக் குறைத்தார்கள். யோசனை நல்ல யோசனை. அதில் நமக்கு ஆக்ஷேபமில்லை. காற்றும் தெருவும் அசுத்தமாகாமல் ஜனங்கள் கூடிக் கலைவதற்கு ரயிலைவிடச் சிறந்த சாதனம் எது? ஆனால், விருந்துக்கு அழைத்தவன் இலை போட வேண்டும். ஊரெல்லாம் கூவி அழைத்துவிட்டுப் பந்தியில் இடமில்லை என்பது எந்தத் தேசத்து மரியாதை?

ஜூன் 16-ந் தேதி கெல்சன்கிர்கன் நகரில் இங்கிலாந்தும் ஸெர்பியாவும் ஆடின. நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிகளால் வளர்ந்த ஊர் அது. மைதானமோ ஊர் நடுவிலுள்ள ரயில் நிலையத்திலிருந்து பல கிலோமீட்டர் தள்ளியிருக்கிறது. ஆட்டம் இரவு ஒன்பது மணிக்குத் தொடங்கிற்று. முடிந்ததும் ஆயிரக்கணக்கானோர் ஒரே சமயத்தில் டிராம் வண்டிகளை நோக்கிச் சென்றார்கள். வண்டிகள் போதவில்லை. நள்ளிரவு கடந்தும் ஜனங்கள் தெருவிலும் பிளாட்பாரத்திலும் காத்துக் கிடந்தார்கள். சிலர் நடந்தே போனார்கள். பிறகுதான் நிர்வாகிகள் விழித்துக்கொண்டு அடுத்த பந்தயங்களுக்கு அதிக வண்டிகளை ஏற்பாடு செய்தார்கள். இரண்டாம் பந்தயத்துக்குச் செய்யக்கூடியதை முதல் பந்தயத்துக்குச் செய்ய இயலாமற் போனதேன்? பந்தயத் தேதி பல மாதங்களுக்கு முன்பே தெரியும். மைதானத்தில் எத்தனை ஆசனங்கள் என்பதும் தெரியும். வெள்ளம்போல எதிர்பாராமல் வந்த கூட்டமன்று அது.

கஷ்டம் சாமானியரை மட்டும் தொடவில்லை. போட்டியின் டைரக்டராயிருந்த பிலிப் லாம் என்பவரே ஜூன் 21-ந் தேதி டுஸ்ஸல்டார்பில் நடந்த ஸ்லொவாகியா - உக்ரெயின் ஆட்டத்தின் தொடக்கத்தைக் காண முடியவில்லை. அவர் ஏறிய ரயில் தாமதமாயிற்று. ஜூலை 9-ந் தேதி நெதர்லாந்துக் கோஷ்டி வொல்ப்ஸ்பர்கிலிருந்து டார்ட்மண்டுக்கு ரயிலில் போக இருந்தது. மறுநாள் அரையிறுதி ஆட்டம். ரயில் ரத்தாகிவிட்டது. கோஷ்டியினர் ஆகாய விமானத்தில் ஏறிப் போனார்கள். பத்திரிகைக்காரர்களைச் சந்திக்கும் கூட்டம் கைவிடப்பட்டது. ஆட்டக்காரருக்கு விமானம் உண்டு. ஒரு மாத ஊதியத்தில் மிச்சம் பிடித்து டிக்கெட்டு வாங்கியவனுக்கு என்ன உண்டு? முதல் நாளே போய்த் தங்குவது, இரண்டு ரயிலுக்கு முன்பே புறப்படுவது, கடைசி வண்டியைப் பிடிக்க ஆட்டம் முடியுமுன் எழுந்து ஓடுவது ஆகிய இவைதாம் அவனுக்குள்ள பரிகாரங்கள். நிர்வாகத்தின் குறையை ரஸிகன் தன் பணத்தாலும் தன் நித்திரையாலும் ஈடு செய்கிறான்.

இவையெல்லாம் ஒரு மாதத்தில் நேர்ந்த தற்செயலான சம்பவங்கள் என்று சமாதானம் கூறுவோருக்குக் கணக்கையே பதிலாகச் சொல்வோம். ஜெர்மன் ரயில்வேயான டாய்ச்சே பானின் தூர ரயில்களில் 2023-ல் 64 சதவீதமும், 2024-ல் 62.5 சதவீதமுமே நேரத்தில் வந்தன. நேரத்தில் என்றால் என்ன? ஆறு நிமிஷத்துக்கு உட்பட்ட தாமதம் தாமதமே அன்றாம்! அதோடு, அடியோடு ரத்தான ரயில் இக்கணக்கில் சேர்வதேயில்லை. ஏழு நிமிஷம் பிந்தி வந்த வண்டி குற்றவாளி. வராமலே போன வண்டி நிரபராதி. எந்த நியாயஸ்தலம் இந்த வாதத்தை ஏற்கும்? பக்கத்துத் தேசமான ஸ்விட்ஸர்லாந்தில் மூன்று நிமிஷம் பிந்தினாலே தாமதம் என்று எழுதுகிறார்கள். அப்படியிருந்தும் அங்கே நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் நேரத்தில் ஓடுகின்றன. பிந்தி வரும் ஜெர்மன் ரயில்கள் சிலவற்றை எல்லையிலுள்ள பாஸல் நகரிலேயே நிறுத்திவிட்டுத் தங்கள் வண்டிகளில் பிரயாணிகளை ஏற்றிக்கொள்ளும் வழக்கமும் அங்கே ஏற்பட்டிருக்கிறது.

காரணம் மர்மமன்று. மேற்கு, கிழக்கு ஜெர்மனிகளின் ரயில்வேக்கள் 1994-ல் ஒன்றாக்கப்பட்டு, சர்க்காரே முழு உடைமையாளராயுள்ள கம்பெனியாக மாற்றப்பட்டன. லாபம் காட்டிப் பங்குச் சந்தைக்குக் கொண்டுபோவதே பல வருஷங்களாக நோக்கமாயிருந்தது. 2008-ஆம் வருஷத்துப் பண நெருக்கடியில் அத்திட்டம் நின்றது. இதற்கிடையே தண்டவாளமும் சிக்னலும் பாலங்களும் மூப்படைந்தன. ரயில் பாதைகளுக்காக 2023-ல் ஜெர்மன் சர்க்கார் தலைக்கு 115 யூரோ செலவிட்டது. ஆஸ்திரியா 336 யூரோவும், ஸ்விட்ஸர்லாந்து 477 யூரோவும் செலவிட்டன. விதைத்ததே விளைந்தது. பிராங்க்பர்ட்டுக்கும் மான்ஹைமுக்கும் இடையே சுமார் 70 கிலோமீட்டர் பாதையைப் புதுப்பிப்பதற்காக, கால்பந்து இறுதி ஆட்டத்துக்கு மறுநாளான 2024 ஜூலை 15-ந் தேதி ஐந்து மாதங்களுக்கு மூடினார்கள். பழுது இருப்பது அதிகாரிகளுக்குத் தெரியாததன்று. விருந்தினர் போகும் வரை கிழிந்த பாயைத் திருப்பிப் போட்டு வைத்தார்கள்.

எதிர்க்கட்சியின் வாதத்தையும் கேட்பதே நியாயம். இரண்டு மணி நேரக் கூட்டத்துக்காக எந்தக் கம்பெனியும் வருஷம் முழுவதும் வண்டிகளைச் சும்மா நிறுத்தி வைக்க முடியாது என்கிறார்கள். இது உண்மை. அப்படி வைக்கும்படி யாரும் கேட்கவுமில்லை. கடைசி வண்டி போன பிறகு முடியும்படி பந்தய நேரத்தைக் குறிக்காதிருப்பது, பந்தய இரவில் பழுது பார்க்கும் வேலையைத் தள்ளி வைப்பது, பக்கத்து ஜில்லாக்களிலிருந்து பஸ்களை முன்கூட்டியே வரவழைப்பது ஆகிய இவற்றுக்கு வேண்டியது பணத்தைவிட முன்யோசனையே. 2006-ல் உலகக் கோப்பைப் போட்டியை நடத்தியதும் இதே தேசந்தான். அப்போதும் பந்தய டிக்கெட்டே உள்ளூர் வண்டிக்கும் டிக்கெட்டாயிருந்தது. வேலை அவர்கள் அறியாததன்று.

தாமதமானால் நஷ்டஈடு உண்டே என்பது இன்னொரு வாதம். ஐரோப்பியச் சட்டப்படி ஒரு மணி நேரம் பிந்தினால் கட்டணத்தில் 25 சதவீதமும், இரண்டு மணி நேரமானால் 50 சதவீதமும் திரும்பக் கிடைக்கும். சட்டம் நல்லதே. ஆனால் சந்தைக்குப் போகிறவன் ஒரு மணி பிந்திப் போனாலும் சந்தை இருக்கும். பந்தயம் யாருக்காகவும் காத்திராது. ரயில் கட்டணத்தில் கால் பங்கு கையில் வந்தால், காணாமற்போன ஆட்டமும், மைதானத்து டிக்கெட்டின் விலையும், தங்கின விடுதிக் கூலியும் திரும்பி வருமா? அந்த நஷ்டத்தை யார் தருவது என்பதில் சட்டம் மௌனம் சாதிக்கிறது.

கஷ்டத்தோடு விஷயம் முடிந்திருந்தால் நாம் இவ்வளவு எழுதியிருக்க மாட்டோம். ரயில் ஏற்பாடு குலைந்தால் உயிருக்கே ஆபத்து நேரும் என்பதற்குப் பாரிஸ் சாட்சி. 2022 மே 28-ந் தேதி அந்நகரை ஒட்டிய ஸான் டெனி மைதானத்தில் லிவர்பூல், ரியால் மாட்ரிட் கிளப்புகளின் இறுதி ஆட்டம் நடந்தது. மைதானத்துக்குப் போகும் ரயில் மார்க்கங்களில் ஒன்றில் வேலைநிறுத்தம். ஆகவே அளவுக்கு மிஞ்சிய ஜனங்கள் மற்றொரு மார்க்கத்துக்குத் திருப்பப்பட்டார்கள். அந்த நிலையத்திலிருந்து வரும் வழி குறுகலானது. அவ்விடத்திலேயே டிக்கெட்டுச் சோதனையும் வைத்தார்கள். கூட்டம் நெரிந்தது, போலீஸார் கண்ணீர்ப் புகை பிரயோகித்தார்கள், ஆட்டம் அரைமணிக்கு மேல் தாமதமாயிற்று. உடனே சொல்லப்பட்ட காரணம் என்ன? ரஸிகர்கள் பிந்தி வந்தார்களாம். ஆயிரக்கணக்கில் பொய் டிக்கெட்டுகளோடு வந்தார்களாம்! பிரெஞ்சு உள்நாட்டு மந்திரியே அப்படிப் பேசினார். ஐரோப்பியக் கால்பந்துச் சம்மேளனம் நியமித்த சுயேச்சையான விசாரணைக் குழு 2023 பிப்ரவரியில் வெளியிட்ட அறிக்கை இக்குற்றச்சாட்டை நிராகரித்து, பிரதானப் பொறுப்பு அச்சம்மேளனத்தினுடையதே என்று தீர்த்தது. ஒருவரும் உயிரிழக்காதது ஆச்சரியம் என்ற கருத்தும் அதிலே கண்டிருக்கிறது.

ஆபத்து இங்கேதான் இருக்கிறது. கூட்டத்தைக் குற்றவாளியாகப் பார்க்கும் மனப்பான்மை எந்தத் தேசத்து உத்தியோகஸ்தருக்கும் சுலபமாக வந்துவிடுகிறது. வண்டி இல்லை என்றால் நிர்வாகம் பதில் சொல்ல வேண்டும். ஜனங்கள் ஒழுங்கீனர்கள் என்றால் போலீஸ் பதில் சொன்னால் போதும். ஆகவே முதற் கேள்வி அமுங்கிப் போய் இரண்டாவது கேள்வியே உரத்துக் கேட்கிறது. கெல்சன்கிர்கனில் நள்ளிரவில் பொறுமையோடு நின்ற ஆயிரக்கணக்கானோர் இந்த அவதூறுக்குத் தக்க மறுப்பாவார்கள்.

நமது அபிப்பிராயம் இது. பந்தயத்தால் வரும் பணத்தைப் பெறுகிற சம்மேளனம் ரஸிகனை வீடு சேர்க்கும் செலவிலும் பங்கு கொள்ள வேண்டும். வராத ரயிலையும் தாமதமாகவே கணக்கெழுத வேண்டும். கடைசி ரயில் புறப்படும் நேரம் நிச்சயமான பிறகே ஆட்டத்தின் நேரம் நிச்சயமாக வேண்டும். 2025-ல் ஜெர்மன் பார்லிமெண்டு அரசியல் சட்டத்தையே திருத்தி, பொது நிர்மாண வேலைகளுக்காக 50,000 கோடி யூரோ கடன் வாங்க அனுமதித்திருக்கிறது. அதில் ரயிலுக்குரிய பங்கு தண்டவாளத்துக்கும் சிக்னலுக்கும் தவறாமல் போய்ச் சேருகிறதா என்று ஜனங்கள் விழிப்போடு கவனிக்க வேண்டும். விளக்கு அலங்காரத்தையும் வாத்திய கோஷத்தையும் கண்டு ஒரு தேசத்தின் திறமையை எடை போடுவது தவறு. ஆட்டம் முடிந்து விளக்குகள் அணைந்த பின், குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு பிளாட்பாரத்தில் நிற்கும் தகப்பனுக்கு வண்டி வந்ததா என்று கேட்பதே சரியான பரீக்ஷை.