கோடிக் கடனுக்குச் சலுகை... நாற்பதாயிரம் கடனுக்கு ரெண்டாவது தீர்ப்பா?



எட்டு பத்து வருஷத்துக்கு முன்னாடி கட்ட முடியாமப் போன கிரெடிட் கார்டு பாக்கி. வேலை போயிருக்கும், இல்ல வீட்டுல ஆஸ்பத்திரிச் செலவு வந்திருக்கும். பேங்க் கொஞ்ச நாள் போன் பண்ணுச்சு, அப்புறம் நிறுத்திடுச்சு. எல்லாம் முடிஞ்சுதுன்னு நினைக்கிற நேரத்துல, பேரே கேள்விப்படாத ஒரு கம்பெனிகிட்ட இருந்து நோட்டீஸ் வருது. உங்க மேல ஏற்கெனவே ஒரு தீர்ப்பு ஆகிடுச்சாம். இப்போ மறுபடியும் ஒண்ணு ஆகியிருக்காம். ஏழு நாள்ல கட்டலைன்னா ஜப்தியாம், கைதாம்.

இந்த நோட்டீஸைப் பார்த்ததும் பயந்துபோய் நகையை அடகு வைக்கிறவங்க இருக்காங்க. கந்துவட்டிக்கு வாங்கிக் கட்டுறவங்க இருக்காங்க. அவங்களுக்காகத்தான் இந்தப் பதிவு. சொல்ல வர்றது ஒண்ணுதான்: ரெண்டாவது தடவை வந்துட்டதால அது கடைசித் தீர்ப்பு ஆகிடாது. எதிர்த்துக் கேட்க சட்டத்துலயே வழி இருக்கு. அந்த வழி நமக்குத் தெரியாம இருக்குறதுதான் வசூல் கம்பெனிகளோட முதலீடு.

"வாங்குன கடனைக் கட்டணும்ல?" என்று கமெண்டில் வரிசையாக வரப்போகிறார்கள். அவர்களுக்கு முதலிலேயே பதில்: ஆமா, கட்டணும். ஆனா எவ்வளவு கட்டணும், யாருக்குக் கட்டணும், அதை முடிவு பண்ணுன ஆளை நியமிச்சது யாரு? இந்த மூணு கேள்வியும் கேட்கக் கூடாதுன்னு எந்தச் சட்டமும் சொல்லலை.

எவ்வளவு என்பதில் ஆரம்பிப்போம். மாசம் 3.5 சதவீத வட்டி என்பது கிரெடிட் கார்டில் சாதாரணம். 40,000 ரூபாய் பாக்கியை அதே வட்டியில் மாதாமாதம் கூட்டு வட்டி போட்டுப் பாருங்க. அஞ்சு வருஷத்தில் 3 லட்சத்து 15 ஆயிரத்தைத் தாண்டுது. அபராதமும் ஜி.எஸ்.டி.யும் தனி. 30 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்குவது நியாயமற்ற வணிக நடைமுறை என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ல் சொன்னது. 2024 டிசம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்துவிட்டது. 16 வருஷம் நடந்த வழக்கு. அந்த 16 வருஷத்தில் வட்டிக்கு ஓர் உச்சவரம்பு கொண்டுவர ஒன்றியத்தில் ஆண்ட யாருக்கும் மனசு வரலை.

அடுத்து, அந்த முதல் தீர்ப்பு எப்படி வந்துச்சுன்னு பாருங்க. பெரும்பாலும் அது கோர்ட்டிலேயே நடந்திருக்காது. கார்டு வாங்கும்போது பொடி எழுத்தில் ஆர்பிட்ரேஷன் விதி ஒண்ணு இருக்கும். அதை வெச்சு பேங்க்கே ஒரு நடுவரை நியமிக்கும். விசாரணை வேறொரு ஊரில். நோட்டீஸ் போனது நீங்க காலி பண்ணுன பழைய வாடகை வீட்டுக்கு. நீங்க ஆஜராகலைன்னு எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு. கால்பந்து மேட்சுல ஒரு டீமே ரெஃப்ரியைக் கூட்டிட்டு வந்து, எதிர் டீமுக்குத் தேதியே சொல்லாம ஜெயிச்சுட்டேன்னு கப் வாங்குற கதை இது.

இது செல்லாதுன்னு சொல்றது நாங்க இல்லை. முடிவில் தனக்கு ஆதாயம் இருக்கும் ஒரு தரப்பு, ஒற்றை நடுவரைத் தானே நியமிக்க முடியாது என்று 2019 நவம்பரில் பெர்கின்ஸ் ஈஸ்ட்மேன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2024 நவம்பர் 8 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு, இப்படி ஒருதலையாக நியமிப்பது சமத்துவத்துக்கே எதிரானது என்றது. ஆர்பிட்ரேஷன் சட்டத்தின் 12(5) பிரிவு 2015-லேயே வந்துவிட்டது. அந்த உரிமையை நீங்க விட்டுக் கொடுத்ததா சொல்லணும்னா, தகராறு வந்த பிறகு நீங்க எழுத்துப்பூர்வமா சம்மதிச்சிருக்கணும். ஆஜராகாம இருந்தது சம்மதம் ஆகாது. 2023-ல் டெல்லி உயர் நீதிமன்றம், பேங்க் தானே நியமித்த நடுவர் கொடுத்த தீர்ப்பை நிறைவேற்றவே மறுத்துவிட்டது.

இப்போ அந்த ரெண்டாவது தீர்ப்புக்கு வருவோம். நோட்டீஸ் வந்ததும் முதல்ல கேட்க வேண்டியது இதைத்தான்: இது அதே கடனுக்குப் புதுசா போட்ட வழக்கா, இல்ல பழைய தீர்ப்பை நிறைவேற்றச் சொல்லிப் போட்ட இ.பி.யா? ரெண்டும் வேற வேற.

புது வழக்கு என்றால் ரெண்டு தடை இருக்கு. ஒண்ணு, சிவில் நடைமுறைச் சட்டம் பிரிவு 11. ஒரே தரப்பினர், ஒரே விவகாரம், ஏற்கெனவே முடிவானது என்றால் மறுபடி விசாரிக்க முடியாது. கடனை ஏ.ஆர்.சி. கம்பெனி வாங்கிட்டாலும் இதே கதைதான். பேங்க்குக்கு இல்லாத உரிமை, பேங்க்கிட்ட வாங்குனவனுக்கு எங்கிருந்து வரும்? ரெண்டாவது, காலவரம்பு. இந்த மாதிரிக் கடனுக்கு மூணு வருஷத்துக்குள்ள வழக்குப் போடணும். அது தாண்டினா, நீங்க அந்த வாதத்தை எடுக்கலைன்னாலும் கோர்ட்டே தள்ளுபடி செய்ய வேண்டும் என்கிறது காலவரம்புச் சட்டம் பிரிவு 3. ஆர்பிட்ரேஷனுக்கும் இதே காலவரம்புதான்.

இ.பி. என்றால், தீர்ப்பை நிறைவேற்ற 12 வருஷம் அவகாசம் இருக்கு. அதனால "பழசாயிடுச்சு" என்று மட்டும் சொல்லித் தப்பிக்க முடியாது. அந்தத் தீர்ப்பையே எதிர்க்கணும். கோர்ட் கொடுத்த எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு என்றால் ஆர்டர் 9 ரூல் 13-ன் கீழ் ரத்து செய்யக் கேட்கலாம். அவகாசம் 30 நாள். சம்மன் முறையாகச் சேரவில்லை என்றால், தீர்ப்பு பற்றி உங்களுக்குத் தெரிந்த நாளிலிருந்து அந்த 30 நாள். ஆர்பிட்ரேஷன் தீர்ப்பு என்றால் பிரிவு 34-ன் கீழ் மூணு மாசம். அந்தக் கணக்கு, கையெழுத்திட்ட தீர்ப்பு நகல் உங்க கைக்கு வந்த நாளிலிருந்துதான் தொடங்கும். நகலே வரலைன்னா அதை எழுத்தில் பதிவு பண்ணுங்க. நாள் கடத்தாதீங்க, அவங்க எதிர்பார்க்குறதே அதைத்தான்.

இதையும் தெரிஞ்சு வெச்சுக்கோங்க:

1. "சும்மா 500 ரூபாய் கட்டுங்க சார், கேஸை நிறுத்திடுறோம்" என்பார்கள். காலவரம்பு முடியுறதுக்குள்ள கட்டுற சின்னத் தொகையும், கையெழுத்துப் போட்டு ஒத்துக்கொள்வதும் மூணு வருஷக் கணக்கைப் புதுசா ஆரம்பிச்சு வைக்கலாம். முடிஞ்ச பிறகும், "கட்டுகிறேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் ஒப்பந்தச் சட்டம் பிரிவு 25(3)-ன் கீழ் செத்த கடனுக்கு உயிர் வந்துவிடும். வக்கீலைப் பார்க்காம எதிலும் கையெழுத்துப் போடாதீங்க.

2. வழக்குக்கு முந்தைய லோக் அதாலத் நோட்டீஸ், கோர்ட் சம்மன் இல்லை. போகலைன்னா உங்களுக்கு எதிரா அங்க தீர்ப்பு வராது. ஆனா போய் சமரசத்தில் கையெழுத்துப் போட்டுட்டா அதுக்கு அப்பீல் கிடையாது.

3. கைது மிரட்டல். கட்ட வழியில்லாதவரைக் கடனுக்காகச் சிறையில் போடக் கூடாது என்று 1980-லேயே நீதியரசர் வி.ஆர்.கிருஷ்ணய்யர் அமர்வு சொல்லிவிட்டது. பண டிக்ரிக்காகப் பெண்களைக் கைது செய்யவே முடியாது, அது பிரிவு 56. சம்பளத்தில் முதல் 1,000 ரூபாயையும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் தொட முடியாது, அது பிரிவு 60.

4. உங்க பேர்ல நிஜமாவே வழக்கு இருக்கான்னு இ-கோர்ட்ஸ் தளத்தில் தேடுங்க. வக்கீலுக்குக் காசு இல்லைன்னா சட்டப்பணிகள் ஆணையத்தின் 15100 எண்ணுக்கு அழையுங்க. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு.

சரி, இதெல்லாம் தனி மனுஷன் போராட்டம். அரசியல் எங்க இருக்கு?

இங்க இருக்கு. 2014-15 முதல் 2023-24 வரை பத்து வருஷத்தில் வங்கிகள் 16.35 லட்சம் கோடி ரூபாய் வாராக்கடனை ரைட் ஆஃப் செய்ததாக நாடாளுமன்றத்தில் ஒன்றிய அரசே சொன்னது. "ரைட் ஆஃப் என்றால் தள்ளுபடி இல்லை, வசூல் தொடரும்" என்பது அவர்கள் விளக்கம். ஏத்துக்குவோம். அப்படின்னா அந்த வசூல் வேகம் எல்லாருக்கும் ஒண்ணா இருக்கணும்ல?

2016-ல் திவால் சட்டம் கொண்டுவந்தார்கள். கம்பெனிகளுக்கான பகுதி அந்த வருஷம் டிசம்பர் மாசமே அமலுக்கு வந்துச்சு. அதே சட்டத்தில் ஏழைகளுக்காக "புதிய தொடக்கம்" என்று ஒரு பகுதி இருக்கு. ஆண்டு வருமானம் 60,000 ரூபாய்க்குள், சொத்து 20,000-க்குள், கடன் 35,000-க்குள், சொந்த வீடு இல்லை என்றால் கடனிலிருந்து விடுபட விண்ணப்பிக்கலாம். இந்த வரம்பே கண்துடைப்பு. அதையும் இன்னைய வரைக்கும் நடைமுறைக்குக் கொண்டுவரலை! நொடிச்சுப்போன சாமானியன் இன்னும் 1909, 1920-ல் வெள்ளைக்காரன் போட்ட சட்டத்தில்தான் மஞ்சள் நோட்டீஸ் கொடுக்கணும். கம்பெனிக்குப் புதுச் சட்டம், குப்பனுக்கு வெள்ளைக்காரன் சட்டம். இதுதான் இவர்கள் சொல்லும் புதிய இந்தியா.

முதலாளித்துவத்தின் தலைநகரமான அமெரிக்காவிலேயே, காலவரம்பு முடிந்த கடனுக்கு வசூல் ஏஜென்சிகள் வழக்குப் போடக் கூடாது, போடுவோம் என்று மிரட்டவும் கூடாது என்று 2021 நவம்பர் 30 முதல் விதி இருக்கு. இங்க ரிசர்வ் வங்கி, காலை 8 மணிக்கு முன்னாடியும் இரவு 7 மணிக்கு மேலயும் வசூலுக்குப் போன் பண்ணாதேன்னு சொல்லியிருக்கு. நேரம் சொன்னவங்களுக்கு நியாயம் சொல்ல மனசு வரலையா?

ஒன்றிய அரசையும் ரிசர்வ் வங்கியையும் நாம் கேட்பது நாலு விஷயம்:

காலவரம்பு முடிந்த கடனுக்கு வழக்கும் மிரட்டலும் கூடாது என்று விதி போடு. கடனை விற்கும்போது, ஏற்கெனவே என்ன தீர்ப்பு வாங்கினாய் என்பதையும் சேர்த்துக் கடன்காரருக்குத் தெரியப்படுத்து. ஆர்பிட்ரேஷன் நோட்டீஸ் தமிழில் வரட்டும், விசாரணை அவரவர் மாவட்டத்தில் நடக்கட்டும். "புதிய தொடக்கம்" பகுதியை இன்றைய விலைவாசிக்கு ஏற்ற வரம்போடு உடனே அமல்படுத்து.

கடன்பட்டவன் திருடன் இல்லை. அவனுக்கும் வாய்தா வேணும், வாதம் வேணும், அவன் ஊரில் ஒரு நீதிபதி வேணும். அது கிடைக்கிற வரைக்கும் கேட்டுக்கிட்டே இருப்போம்.

இந்தப் பதிவை உங்க பேமிலி குரூப்ல போடுங்க. வெட்கத்தில் யார்கிட்டயும் சொல்லாம அந்த நோட்டீஸை பீரோவில் மறைச்சு வெச்சிருக்குற ஒருத்தர் அங்கேயும் இருக்கலாம்.

#பழையகடன்_ரெட்டைத்தீர்ப்பு
#புதியதொடக்கம்_எப்போது

— தகவல் தொழில்நுட்ப அணி