ரயிலை நிறுத்துவது எலுமிச்சம் பழமா? இரும்புக் கையா?

வேலப்பன்சாவடிக்கு ரயில் கிடையாது. இவ்வூரார் பூந்தமல்லி ரஸ்தாவில் பஸ்ஸேறித்தான் எங்கும் போகவேண்டும். ரயிலேற வேண்டுமானால் ஆவடிக்கோ அம்பத்தூருக்கோ போய்ச் சேரவேண்டும். ஆனாலும் இப்போது பக்கத்துக் குமணன்சாவடி வழியாகத் தூண்களின் மேல் மெட்ரோ பாதை வந்துவிட்டது. 2025ம் வருஷம் மார்ச்சு 20ந் தேதி பூந்தமல்லிக்கும் முல்லைத் தோட்டத்திற்கும் இடையில், டிரைவரே இல்லாமல் ஓடக்கூடிய வண்டியை வெள்ளோட்டம் விட்டார்கள். அது முதல் இந்தப் பக்கத்து டீக்கடைகளில் ஒரே கேள்வியாயிருக்கிறது. "ஓட்டுகிறவன் இல்லாத வண்டியை நிறுத்துகிறவன் யார்?" என்பதே அது. வேலப்பன்சாவடித் தோழர் ஒருவர் இதைப்பற்றி நமக்கு எழுதுகையில், ஒரு பெரியவர் "எல்லாம் அவன் செயல்" என்று மேலே கையைக் காட்டினாரென்றும், அவர் காட்டிய இடத்தில் மெட்ரோத் தூண்தான் நின்றிருந்ததென்றும் எழுதியிருக்கிறார்.

பெரியவரை நாம் பரிகசிக்க வரவில்லை. அவர் கேட்டது நியாயமான கேள்விதான். ஆனால் அக்கேள்வி டிரைவர் இல்லாத வண்டிக்கு மாத்திரமல்ல, டிரைவர் உள்ள வண்டிக்கும் உண்டு என்பதை ஜனங்கள் நினைப்பதில்லை. 1856ம் வருஷம் ஜூலை 1ந் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரையில் தென்னாட்டின் முதல் பிரயாணி ரயில் ஓடிய பாதை இந்த ஆவடிப் பாதைதான். அன்று முதல் இன்று வரையில் அந்தப் பாதையில் வண்டி நிற்பது ஒரு மனிதனின் இரண்டு கண்களையும் ஒரு கையையும் பொறுத்தே பெரும்பாலும் இருந்து வருகிறது. கண் சிவப்பைப் பார்க்கவேண்டும். கை பிரேக்கைப் போடவேண்டும். கண் அயர்ந்தால்? மூடுபனி மறைத்தால்? மார்வலி வந்து ஆள் சாய்ந்தால்? அப்போது ஆயிரம் பிரயாணிகளும் யாரை நம்பியிருக்கிறார்கள்?

இதற்கு அமெரிக்காக்காரன் 120 வருஷங்களுக்கு முன்பே ஒரு பதில் கண்டுபிடித்து, 1901ல் பாஸ்டன் நகரத்து உயர்மட்ட ரயிலிலும் 1904ல் நியூயார்க் சுரங்க ரயிலிலும் வைத்துவிட்டான். லண்டன்காரன் 1905 முதல் வைத்துக்கொண்டான். அது மந்திரமல்ல, மகா சாதாரணமான ஒரு இரும்புத் துண்டு. தண்டவாளத்தின் ஓரத்தில், சிக்னலின் காலடியில், ஒரு சிறிய இரும்புக் கை இருக்கும். சிக்னல் சிவப்பாயிருந்தால் அந்தக் கை நிமிர்ந்து நிற்கும். பச்சை விழுந்தால் படுத்துக்கொள்ளும். வண்டியின் அடியில் ஒரு குழாயடைப்பு தொங்கிக்கொண்டிருக்கும். சிவப்பைத் தாண்டி வண்டி போனால் நிமிர்ந்து நிற்கும் கை அந்த அடைப்பைத் தட்டிவிடும். தட்டின மாத்திரத்தில் பிரேக்குக் குழாயிலுள்ள காற்று வெளியேறிவிடும். காற்று போனால் எல்லா வண்டிகளிலும் பிரேக்கு தானே இறுகிக்கொள்ளும். டிரைவர் விழித்திருந்தாலும் தூங்கினாலும், பக்தனானாலும் நாஸ்திகனானாலும், அந்தக் கைக்கு அக்கறையில்லை.

இதில் நாம் மிகவும் மெச்சுகிற விஷயம் ஒன்றுண்டு. அந்தக் கையை நிமிர்த்துவது சுருள்வில் அல்லது பளு. அதைப் படுக்க வைக்கத்தான் காற்றழுத்தமோ மின்சாரமோ வேண்டும். ஆகவே கரண்டு போனாலும், கம்பி அறுந்தாலும், குழாய் ஓட்டையானாலும் கை தானே நிமிர்ந்து நிற்கும். அதாவது கெட்டுப் போனால் வண்டியை நிறுத்துகிற பக்கமாகவே கெட்டுப் போகும். இதைச் செய்தவன், "நான் செய்த சாமானும் ஒரு நாள் கெடும்" என்று முதலிலேயே ஒப்புக்கொண்டு செய்திருக்கிறான். தான் சொன்னது ஒரு நாளும் பொய்யாகாது என்று எழுதி வைத்தவர்களின் யோக்கியதையையும், இந்த இரும்படிக்கிறவனின் யோக்கியதையையும் வாசகர்களே ஒத்திட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

நிற்க, நம்முடைய ஆவடிப் பாதையின் கதையைப் பார்ப்போம். 2009ம் வருஷம் ஏப்ரல் 29ந் தேதி விடியற்காலையில் சென்னையில் மூர் மார்க்கெட்டு ஸ்டேஷனில் நின்றிருந்த மின்சார ரயிலை, உத்தரவில்லாத ஒருவன் குறித்த நேரத்துக்கு முன்பே ஓட்டிக்கொண்டு போய், வியாசர்பாடி ஜீவா ஸ்டேஷன் அருகில் நின்றிருந்த சரக்கு வண்டியின்மேல் மோதினான். நான்கு உயிர் போயிற்று. சிவப்பில் கிளம்பும் வண்டியை ஸ்டேஷன் வாசலிலேயே பிடித்து நிறுத்தும் ஒரு இரும்புக் கை அங்கே இருந்திருந்தால், அவன் வியாசர்பாடியைப் பார்த்திருக்கமாட்டான். 2011ம் வருஷம் செப்டம்பர் 13ந் தேதி இரவு இதே பாதையில் அரக்கோணத்துக்கு அப்பால் சித்தேரியில், சிக்னலுக்காக நின்றிருந்த காட்பாடிப் பாசஞ்சரின் பின்புறத்தில் சென்னைக் கடற்கரையிலிருந்து வேலூருக்குப் போன வண்டி மோதிற்று. அதில் மாண்டவர்கள் பத்துப் பேருக்குக் குறையவில்லை. வேலைக்குப் போய் வீடு திரும்பியவர்கள் எத்தனையோ பேர் அவ்வண்டிகளில் இருந்தார்கள்.

2023ம் வருஷம் அக்டோபர் 24ந் தேதி விடியற்காலையில், அண்ணனூர் பணிமனையிலிருந்து கிளம்பி வந்த காலி மின்சார ரயில் ஆவடியில் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் போய்த் தடம் புரண்டது. வண்டியில் பிரயாணிகள் இல்லாதது நல்லதாய்ப் போயிற்று. அடுத்த வருஷம் அக்டோபர் 11ந் தேதி இரவு மைசூரிலிருந்து தர்பங்கா போகும் பாக்மதி எக்ஸ்பிரஸ், கும்மிடிப்பூண்டிக்கு இப்பால் கவரைப்பேட்டையில், நேர்ப் பாதைக்குப் பச்சை விழுந்திருந்தும், பக்கத்து லூப் பாதையில் நுழைந்து அங்கு நின்ற சரக்கு வண்டியின்மேல் மோதிற்று.

இந்த இரண்டு தேதிகளையும் பஞ்சாங்கத்தில் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். 2024ம் வருஷம் அக்டோபர் 11ந் தேதிதான் அவ்வருஷத்து ஆயுத பூஜை. 2023ம் வருஷம் அக்டோபர் 24ந் தேதி விஜயதசமி. அதாவது ஆயுத பூஜைக்கு மறுநாள் விடியற்காலம். அன்று நாட்டிலுள்ள பட்டறைகளிலும் பணிமனைகளிலும் சுத்தியல் முதல் எஞ்சின் வரையில் சந்தனம் பூசிக் குங்குமமிட்டு, மாலை போட்டு, பூசணிக்காய் உடைத்து, சக்கரத்தின் அடியில் எலுமிச்சம் பழத்தை நசுக்குகிற வழக்கம் எல்லோருக்கும் தெரிந்தது. பூஜை செய்ததால்தான் விபத்து வந்தது என்று நாம் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் பூனை குறுக்கே போனதால்தான் விபத்து வந்தது என்பவர்களுக்கும் நமக்கும் வித்தியாசமில்லாமற் போய்விடும். நாம் சொல்வதெல்லாம், எலுமிச்சம் பழம் வண்டியை ஓட்டவுமில்லை, நிறுத்தவுமில்லை, கவிழ்க்கவுமில்லை என்பதுதான். காற்றும் இரும்பும் கம்பியும் செய்கிற வேலைக்குப் பழத்துக்கு மரியாதை கொடுப்பது சரியல்ல.

ஒவ்வொரு விபத்துக்கும் பிறகு இரண்டு பேச்சு கிளம்புகிறது. ஒன்று தலைவிதி. அதைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. தலைவிதி பாஸ்டனிலும் லண்டனிலும் 1905லேயே இரும்புக் கைக்கு வழிவிட்டிருக்குமானால், அரக்கோணத்தில் மாத்திரம் ஏன் பிடிவாதம் பிடிக்கிறது என்று கேட்டால் போதும். மற்றொன்று "டிரைவர் குற்றம்" என்பது. இது முதற் பேச்சைவிட மோசமானது என்பது நமதபிப்பிராயம். ஏனென்றால் இது பகுத்தறிவு போல வேஷம் போட்டு வருகிறது. டிரைவர் சிவப்பைத் தாண்டினார் என்பது உண்மையாகவே இருக்கட்டும். மனிதன் தவறுவான் என்பது தெரிந்த விஷயம்தானே? தெரிந்திருந்தும் அதற்கு மாற்று வைக்காதவன் யார்? இரவுக்கு மேல் இரவாகக் கண் விழிக்க வைத்து, கக்கூசுகூட இல்லாத எஞ்சினில் மணிக்கணக்கில் உட்கார வைத்து, ஒரு விநாடி கண் அசந்தவனைப் பிடித்துக் கொண்டு, "இவனால்தான்" என்று விசாரணையை முடித்துவிடுவது, மேலேயிருப்பவர்கள் கீழேயிருப்பவன் தலையில் பழியைக் கட்டும் பழைய வழக்கந்தான். ஜாதியில் பழகின கை ரயிலிலும் அதையே செய்கிறது.

இதே பழி மற்ற நாட்டிலும் நடந்ததுதான். 1918ம் வருஷம் நவம்பர் 1ந் தேதி நியூயார்க்கில் புரூக்ளின் பகுதியில், வேலைநிறுத்தத்தின்போது பழக்கமில்லாத ஒருவரை வண்டியோட்ட வைத்து, வளைவில் வேகமாய்ப் போய்த் தடம் புரண்டு தொண்ணூறு பேருக்கு மேல் மாண்டார்கள். 1975ம் வருஷம் பிப்ரவரி 28ந் தேதி லண்டன் மூர்கேட்டில், பாதை முடிகிற இடத்தில் வண்டி நிற்காமல் சுவரில் மோதி 43 பேர் மாண்டார்கள். ஓட்டினவரும் மாண்டார், ஏன் நிறுத்தவில்லை என்று இன்றுவரை தெரியாது. காரணம் தெரியாவிட்டாலும் அவர்கள் சும்மா இருந்துவிடவில்லை. வண்டி மெதுவாக வந்தால்தான் படுக்கிற, வேகமாக வந்தால் தட்டிவிடுகிற இரும்புக் கைகளை முடிவு ஸ்டேஷன்களில் வைத்தார்கள். டிரைவரின் மனதில் என்ன இருந்தது என்று தேடிக்கொண்டிருக்காமல், எவன் மனதில் எது இருந்தாலும் வண்டி நிற்க வழி என்ன என்று தேடினார்கள்.

இனி மறு பக்கத்தையும் சொல்லவேண்டும். இல்லாவிட்டால் சாமியை இறக்கிவிட்டு இரும்பைச் சாமியாக்கினதாகும். 1995ம் வருஷம் ஆகஸ்டு 11ந் தேதி கனடாவில் டொரான்டோ சுரங்க ரயிலில் இந்த இரும்புக் கை இருந்தும், அது தட்டவேண்டிய நேரத்தில் தட்டாமல், ஒரு வண்டி மற்றொன்றின்மேல் மோதி மூன்று பேர் மாண்டார்கள். கையின் அமைப்பிலேயே பிழை இருந்தது. அன்றியும், கை தட்டின இடத்திலேயே வண்டி நின்றுவிடாது. மணிக்கு 90 கிலோமீட்டரில் போகிற வண்டி ஒரு விநாடிக்கு 25 மீட்டர் போகும். அவசரப் பிரேக்கு விழுந்தாலும் முந்நூறு நானூறு மீட்டர் போய்த்தான் நிற்கும். ஆகவே சிவப்புக்கு அப்பால் அவ்வளவு பாதை காலியாயிருக்கவேண்டும். நம் பாதையில் மின்சார ரயிலும், எக்ஸ்பிரஸும், ஐயாயிரம் டன் சரக்கும் ஒரே தண்டவாளத்தில் ஓடுகின்றன. இருபுறமும் குப்பை, மாடு, மழைத் தண்ணீர். இங்கே லண்டன் சுரங்கத்துக் கையைக் கொண்டுவந்து நட்டுவிட்டால் போதும் என்று சொல்லுகிறவன் ரயிலும் அறியான், ஊரும் அறியான். மேலும் நம் ரயில்வே விதிப்படி, தானியங்கிச் சிக்னல் சிவப்பாயிருந்தால் பகலில் ஒரு நிமிஷமும் இரவில் இரண்டு நிமிஷமும் நின்று பார்த்துவிட்டு, மெதுவாக மேலே போகலாம். கை வைத்தாலும் அதற்கு வழி வைக்க வேண்டியிருக்கும். அந்த வழியிலேயே ஆபத்தும் நுழையும். ஆவடி விபத்துக்கு ஐந்தாம் நாள், 2023 அக்டோபர் 29ந் தேதி, விஜயநகரம் ஜில்லாவில் கண்டகப்பள்ளி அருகே 14 பேர் மாண்டது, கெட்டுப்போன இத்தகைய தானியங்கிச் சிக்னல்களைத் தாண்டிப் போன வண்டியால்தான். கவரைப்பேட்டையிலோ சிவப்பே இல்லை. பச்சைக்குள்ளேயே பாதை பிசகிவிட்டது. அங்கே இரும்புக் கை ஒன்றும் செய்திராது.

ஆகவே நமக்கு வேண்டியது அந்தப் பழைய கையின் வேலையே தவிர, அதன் உருவமல்ல. அந்த வேலையைச் செய்யும் வேறு சாதனங்கள் இந்நாட்டிலேயே வந்திருக்கின்றன. பம்பாய் உள்ளூர் ரயிலில் 1980களில் தொடங்கி, தண்டவாளத்தில் காந்தம் பதித்து, சிவப்பைத் தாண்டினால் பிரேக்கு விழும்படி செய்தார்கள். நம் சென்னையிலேயே 2008ல் கும்மிடிப்பூண்டிப் பாதையில், தண்டவாளத்தின் நடுவே பதித்த பெட்டிகள் எஞ்சினுக்குச் செய்தி சொல்லும் ஏற்பாட்டை வைத்தார்கள். இப்போது "கவச்" என்று பேர் வைத்து, ரேடியோவாலும் தண்டவாளத்தில் பதித்த சில்லுகளாலும் வேலை செய்யும் ஒன்றை 2020ல் தேசிய ஏற்பாடாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். பேர் புராணத்திலிருந்து வந்தாலும் வேலை ரேடியோவிலிருந்து வருகிறபடியால் நமக்கு ஆட்சேபணையில்லை.

ஆனால் பம்பாய்க்காரன் உயிருக்குக் காந்தம் பதித்துப் இருபது வருஷங்களுக்குப் பின்னும், வியாசர்பாடியிலும் சித்தேரியிலும் போன உயிருக்கு அது ஏன் எட்டவில்லை என்று யாரும் கேட்கவில்லை. அம்பத்தூர்த் தொழிற்பேட்டைக்கும் ஆவடித் தொழிற்சாலைகளுக்கும் தினமும் தொங்கிக்கொண்டு போகிற கூலியாளும் டிக்கெட்டு வாங்கித்தான் போகிறான். புதிய வண்டிக்குக் கொடியசைக்கிற விழாவில் மந்திரிகள் நிற்கிற போட்டோ பத்திரிகைகளில் வருகிறதே தவிர, எந்தச் சிக்னலின் காலடியில் என்ன பதித்திருக்கிறது என்பது வருவதில்லை.

ஆதலால் வேலப்பன்சாவடி, திருவேற்காடு, ஆவடி, அம்பத்தூர்ப் பக்கத்துத் தோழர்கள் ஒரு காரியம் செய்யும்படி கேட்டுக்கொள்ளுகிறோம். 2005ம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய் கட்டி, தெற்கு ரயில்வே சென்னைக் கோட்டத்துக்கு மூன்று கேள்விகள் எழுதிப் போடுங்கள். சென்னைக்கும் அரக்கோணத்துக்கும் இடையில் சிவப்பைத் தாண்டும் வண்டியைத் தானாக நிறுத்தும் சாதனம் எத்தனை சிக்னல்களில் இருக்கிறது? அந்தப் பாதையில் ஓடும் மின்சார ரயில்களிலும் எஞ்சின்களிலும் எத்தனையில் அதற்கேற்ற கருவி பூட்டியிருக்கிறது? பூட்டியவை கடைசியாக எந்தத் தேதியில் சோதிக்கப்பட்டன? முப்பது நாளில் பதில் வரவேண்டும். வருகிற பதிலை, அது ஒரு வரியாயிருந்தாலும், நமக்கு அனுப்பினால் அப்படியே வெளியிடுவோம்.