தட்டுக்கும் இசைத்தட்டுக்கும் நடுவே

அப்பா போன பிறகு என் பங்குக்கு வந்தவை ஒரு பழைய ரெக்கார்டு பிளேயரும் நாற்பது சொச்சம் இசைத்தட்டுகளும். பத்திரமாக தில்லிக்குக் கொண்டுவந்து சேர்த்தேன். மோட்டார் சுற்றியது, பாட்டு வந்தது. ஆனால் சுழலும் தட்டின் மேல் கிடந்த ரப்பர் மேட் மட்டும் வெயிலில் காய்ந்த அப்பளம் மாதிரி விளிம்பெல்லாம் தூக்கிக்கொண்டு நின்றது.

ஒரு வட்டத் துண்டுதானே என்று அலட்சியமாக நினைத்தேன். பார்க்க லட்சணமாக இருந்த ஃபெல்ட் மேட் ஒன்றை வாங்கிப் போட்டேன். அது ஜனவரி மாதம். தில்லியில் அப்போது காற்று வறண்டு, ஸ்வெட்டரைக் கழற்றினாலே படபடவென்று பொறி பறக்கும். எம்.எஸ்ஸின் விஷ்ணு சகஸ்ரநாமம் முடிந்து இசைத்தட்டை எடுத்தால், மின்னூட்டத்தில் மேட்டும் அடியில் ஒட்டிக்கொண்டு கூடவே வந்தது. பாதி வழியில் அது கழன்று விழ, பிடிக்கப்போன பதற்றத்தில் இசைத்தட்டு ஊசியில் உரசிவிட்டது. நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 1.8 விநாடி. கீறல் விழுந்த இடத்தில் 1.8 விநாடிக்கு ஒரு 'டிக்'.

அதற்குப் பிறகுதான் விஷயத்தைக் கற்றுக்கொண்டேன். ஃபெல்ட்டைக் குறை சொல்வதற்கில்லை. டிஸ்கோக்களில் இசைத்தட்டைக் கையால் முன்னும் பின்னும் தள்ளுகிறவர்களுக்கு வழுக்குகிற ஃபெல்ட்தான் வேண்டும். கண்ணாடித் தட்டு வைத்த பிளேயர்கள் பலவும் அதோடுதான் வருகின்றன. நமக்கு வேண்டியது இசைத்தட்டை நழுவாமல் பிடித்துக்கொண்டு, மோட்டாரின் அதிர்வை ஓரளவு விழுங்குகிற பொருள். ரப்பர், கார்க், தோல் எல்லாமே இதைச் செய்யும். இதில் எது இனிமை என்று ரசிகர்கள் விடிய விடியச் சண்டை போடுவார்கள். என் காதுக்கு, அழுக்கு ஊசியைத் துடைத்தால் கிடைக்கும் வித்தியாசத்தில் கால்வாசிகூட இதில் இல்லை.

யாரும் முதலில் கேட்காத கேள்விதான் முக்கியம்: மேட்டின் கனம் எத்தனை மில்லிமீட்டர்? ஊசியைத் தாங்கும் கை, இசைத்தட்டுக்கு இணையாகப் படுத்திருக்க வேண்டும். 9 அங்குலக் கையில், மேட் ஒரு மில்லிமீட்டர் கூடினால் ஊசியின் சாய்வு சுமார் கால் டிகிரி மாறும். 1 மில்லிமீட்டரைப் பொறுத்துக்கொள்ளலாம், 4 என்றால் ஒரு டிகிரி. விலை உயர்ந்த பிளேயர்களில் கையின் உயரத்தைக் கூட்டிக் குறைக்கலாம். நம் வீட்டுப் பரண்களிலிருந்து இறங்கும் பழைய பெட்டிகள் பலவற்றில் அந்த வசதி கிடையாது. எனவே பழைய மேட் எவ்வளவு மக்கியிருந்தாலும் தூக்கி எறிவதற்கு முன் கனத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். மேட் ஏற்கெனவே தொலைந்துவிட்டதா? ஊசியை இசைத்தட்டில் இறக்கி, தட்டின் மட்டத்துக்குக் குனிந்து பக்கவாட்டில் பாருங்கள். கை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று கண்ணே சொல்லிவிடும்.

இன்னொன்று. ஒரு சின்னக் காந்தத்தைத் தட்டின் மேல் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் தட்டு இரும்பு. வலுவான காந்தம் உள்ள சில மூவிங் காயில் கார்ட்ரிட்ஜ்களை அது கீழே இழுத்து, ஊசியின் அழுத்தத்தைக் கூட்டிவிடும். அங்கே மெல்லிய மேட் ஆகாது. அலுமினியத் தட்டுக்கு இந்தக் கவலை இல்லை.

என்னுடைய பழைய ரப்பர் 4 மில்லிமீட்டர். காஷ்மீரி கேட்டின் மோட்டார் உதிரிபாகக் கடைகளில் கேஸ்கெட் வெட்டுவதற்கு ரப்பர் கலந்த கார்க் ஷீட் விற்கிறார்கள். வெறும் கார்க் மாதிரி தூள் உதிராது. 2 மில்லிமீட்டரில் இரண்டு வட்டம் வெட்டி ஒட்டினேன். மேல் வட்டத்தின் நடுவில் மட்டும் லேபிளை விடச் சற்றுப் பெரிதாக ஒரு வட்டத்தை எடுத்துவிட்டேன். லேபிள் பகுதி சற்றுத் தடிமன், அது பள்ளத்தில் உட்கார்ந்தால்தான் மற்ற இடம் மேட்டில் படியும். எந்த வண்டிக்கு என்று கடைக்காரர் கேட்டார். பாட்டு கேட்பதற்கு என்றேன். மேலும் கீழும் பார்த்துவிட்டு அறுத்துக் கொடுத்தார்.

கார்க் போட்ட பிறகு மூன்று குளிர்காலம் போய்விட்டது. மேட் ஒட்டிக்கொண்டு வருவதில்லை. அந்த 'டிக்' மட்டும் அப்படியே இருக்கிறது. அந்தப் பக்கம் வரும்போது என் மனைவி அதற்கும் சேர்த்துத் தாளம் போடுகிறாள்.