பழைய புத்தகத்தின் முதல் பக்கம்

மன்னார்குடிப் பெரியோர்களுக்கும், தாய்மார்களுக்கும், இந்த ஆனியில் கல்லூரிக்குப் போக ஆயத்தமாகிக்கொண்டிருக்கும் தம்பி தங்கையருக்கும், டொராண்டோவிலிருந்து அநேக நமஸ்காரம்.

சென்ற மாதம் என் தமக்கை பேத்தியின் காதணி விழாவுக்கு வந்து பதினெட்டு நாள் உங்களோடு இருந்துவிட்டுத் திரும்பிய நான், உங்கள் உபசாரத்துக்கு நன்றி தெரிவித்து ஒரு கடிதம் எழுதுவதாகவே உத்தேசித்திருந்தேன். ஆயினும், புறப்படுவதற்கு முந்தின நாள் ஒரு பழைய பேப்பர் கடை வாசலில் கண்ட காட்சி இன்றளவும் மனத்தை விட்டு அகலாதபடியால், நன்றியை இந்த ஒரு வாக்கியத்தோடு நிறுத்திக்கொண்டு என் மனத்தாங்கலைச் சொல்லத் துணிகிறேன்.

தராசில் சணல் கயிற்றால் கட்டிய புத்தகக் கட்டு ஒன்று இருந்தது. மேலாக இருந்தது நாராயணனும் மாணிக்கவாசகம் பிள்ளையும் சேர்ந்து எழுதிய கால்குலஸ். நம் பக்கத்தில் கணிதம் படித்தவர்களுக்கு அதைப்பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. முதல் பக்கத்தில் ஒரு பெண்ணின் பெயரும் வகுப்பும் மை மங்காமல் இருந்தன. சைக்கிளில் கொண்டுவந்த பையனை விசாரித்தேன். "அக்கா படிப்பு முடிஞ்சுபோச்சு சார், வீட்ல இடத்தை அடைக்குது" என்றான். நாலேகால் கிலோ, ஐம்பத்தொரு ரூபாய். அந்தக் கட்டை நான் விலை கொடுத்து மீட்டேன். கடைக்குள்ளே சுவரோரம் இடுப்புயரத்துக்கு அடுக்கியிருந்தவற்றை என்ன செய்வது?

1983இல் நான் பி.எஸ்ஸி. கணிதத்தில் சேர்ந்தபோது, கல்லூரிக் கட்டணம் கட்டியதோடு அப்பாவின் கையிருப்பு தீர்ந்துபோக, மேலத்தெரு அண்ணா ஒருவர் தம் கால்குலஸுக்குப் புதிதாகக் காக்கி அட்டை போட்டு வைத்திருந்ததும், அவருடைய தாயார் அதை வெற்றிலை பாக்கோடு தட்டில் வைத்து, "நல்லாப் படி, படிச்சுட்டு அடுத்தவங்களுக்குக் குடு" என்று என்னிடம் நீட்டியதும் எனக்கு நேற்று நடந்ததுபோல் ஞாபகத்தில் நிற்கின்றன. அதன் முதல் பக்கத்தில் ஏழு பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. எட்டாவதாக என் பெயரை எழுதினேன். சைனின் அடுக்குகளைத் தொகையிடும் பக்கத்தின் ஓரத்தில், எனக்கு முன் படித்தவர்களில் யாரோ ஒருவர், "அடுக்கு இரட்டைப்படையானால் கடைசியில் பை பை டூ, மறவாதே" என்று பென்சிலால் குறித்திருந்தார். பரீட்சை மண்டபத்தில் அந்தக் கையெழுத்து என் கண்முன் வந்து நின்றது. முகமறியாத அந்த அண்ணனை நான் குருவாகவே எண்ணுகிறேன்.

பாடத்திட்டம் மாறிவிட்டது என்றும், வேண்டியதெல்லாம் செல்பேசியில் வந்துவிடுகிறது என்றும் உங்களில் சிலர் என்னிடம் சமாதானம் சொன்னீர்கள். செமஸ்டருக்கு ஒரு பாடத்தின் பெயர் மாறலாம், வகைக்கெழு மாறிவிடவில்லை. செல்பேசித் திரையில், முன்னே படித்தவரின் பென்சில் எழுத்து கிடையாது.

சீர்காழியில் பிறந்து, கணிதம் போதித்து, பின்பு நூலகத்துக்கென்றே ஆயுளை அர்ப்பணித்த ரங்கநாதன் தம் ஐந்து விதிகளை நூலாக வெளியிட்ட அதே 1931இல், நம் மேலவாசலில் கனகசபைப் பிள்ளை மாட்டுவண்டியில் நூலகம் அமைத்துக் கிராமம் கிராமமாக அனுப்பினார் என்பதை நீங்கள் மறந்தீர்களா? வண்டி கட்டிப் புத்தகம் கொண்டுபோய்க் கொடுத்த ஊர், இன்று புத்தகத்தைச் சைக்கிளில் ஏற்றி எடைக்குக் கொண்டுபோகிறதே! சாலை, சாக்கடை, குடிநீர் ஆகிய குறைகளையெல்லாம் நான் பொறுப்பேன். ஓர் ஊர் தன் பிள்ளைகளுக்குச் செய்யக்கூடிய துரோகங்களில் இதற்கு மேற்பட்டது ஒன்று உண்டென்று எனக்குத் தோன்றவில்லை.

நான் வாழும் இந்நகரில், பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ட்ரினிட்டி, விக்டோரியா கல்லூரிகளில் ஆண்டுதோறும் இலையுதிர் காலத்தில் பழைய புத்தக விற்பனை நடக்கிறது; ஜனங்கள் தானமாகத் தந்த புத்தகங்களை விற்று வரும் பணம் நூலகத்துக்கே சேர்கிறது. இங்கே கணிதம் கற்பிக்கும் நான், செப்டம்பரில் வகுப்பு தொடங்குமுன், பாடநூலின் பிரதிகளை நூலகத்தில் தனியே வைத்து, வாங்க இயலாத மாணவர்களுக்கு மணிக்கணக்கில் இரவல் கிடைக்கும்படி ஏற்பாடு செய்துவிடுகிறேன். இதைப் பெருமையோடுதான் சொல்கிறேன். ஆனால் இதை நான் கற்றது கனடாவில் அன்று; மேலத்தெரு வீட்டுத் திண்ணையில்.

அப்படியிருக்க, நானும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1989இல் ஊரைவிட்டுப் புறப்பட்டபோது அந்தக் கால்குலஸை நான் என் பெட்டியில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். அடுத்த மாதமே, கணிதம் சேர்ந்திருந்த பெண் ஒருத்தி வீட்டுக்கு வந்து கேட்டாள் என்றும், "அவன் கையோடு கொண்டுபோயிட்டானே" என்று சொல்லி வெறுங்கையாக அனுப்ப நேர்ந்தது என்றும் அம்மா எழுதியிருந்தாள். அந்த வரிக்கு நான் பதில் எழுதவே இல்லை. அம்மா இப்போது இல்லை. பேப்பர் கடையில் நின்ற பையனைக் கடிந்துகொள்ள எனக்கு என்ன யோக்கியதை?

ஆகவே உங்களை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்: படித்து முடித்த பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் பரணைப் பாருங்கள், எடைக்குப் போடுவதற்குமுன், தெருவில் இவ்வாண்டு யார் எந்தப் பாடம் சேர்ந்திருக்கிறார்கள் என்று ஒரு வார்த்தை விசாரியுங்கள்.

என் கால்குலஸை நேற்று விமானத் தபாலில் தமக்கைக்கு அனுப்பிவிட்டேன். கடையில் மீட்ட பிரதியும் அவள் வீட்டிலேயே இருக்கிறது. கணிதம் சேர்ந்திருக்கும் பிள்ளைகள் மாலை நான்கு மணிக்குமேல் போனால் பெற்றுக்கொள்ளலாம். என் பெயருக்குக் கீழே எழுத இடம் இருக்கிறது.