தோளில் மாட்டும் தோல்

டிஸ்கி: துப்பாக்கி வெச்சுக்கலாமா கூடாதா என்ற பஞ்சாயத்து இந்தப் பதிவில் இல்லை. அதுக்கு வேற நாள் பாத்துக்கலாம். இது அதோட வாரைப் பத்தி மட்டும் :-)

பென்சில்வேனியாவில் தேங்க்ஸ்கிவிங் முடிஞ்ச சனிக்கிழமை ரைஃபிளோடு மான் வேட்டைக்குப் போகும் சீசன் ஆரம்பம். (2018 வரைக்கும் திங்கட்கிழமையா இருந்தது, 2019ல் சனிக்கு மாத்திட்டாங்க.) அதுக்கு முன்னாடி கடைகளில் கூட்டம் அள்ளும். ரைஃபிள் வாங்க ஆறு மாசம் யோசிச்சிருப்பார்கள். ஸ்கோப்புக்கு மூணு மாசம் ஆராய்ச்சி நடந்திருக்கும். ஆனா இது ரெண்டையும் நாள் பூரா தோளில் சுமக்கப் போற ஸ்லிங்? பில் போடுற இடத்துக்குப் பக்கத்துல தொங்குறதுல மான் தலை பொறிச்ச ஒண்ணை உருவிட்டு வந்துடுவாங்க. அட்டையில் 'கைவேலைப்பாடு, அசல் தோல்'னு போட்டிருக்கும். போதாதா?

போதாதுங்க. ஸ்லிங்கை அலங்காரச் சாமானா நினைக்கிறதுதான் சிக்கலே. என்னைக் கேட்டா அது துப்பாக்கியின் ஒரு உறுப்பு.

கணக்கு போட்டுப் பாருங்க. ஸ்கோப்போடு சேர்த்து ஒரு வேட்டை ரைஃபிள் சுமாரா மூன்றரை, நாலு கிலோ. பனியில, மேட்டுல ஏறி இறங்கும்போது அந்த எடை முழுக்க ரெண்டு கொக்கியிலும் ஒரு வாரிலும்தான் தொங்குது. வார் அறுந்தா ரைஃபிள் கீழே. அதிர்ஷ்டம் இருந்தா ஸ்கோப்பில் வெச்ச குறி நகர்ந்ததோடு போகும். உள்ளே தோட்டா இருந்து, துப்பாக்கியும் பழசா இருந்தா, விழுந்த வேகத்தில் வெடிக்கவும் வாய்ப்பு உண்டு. மரத்தில் ஏறும்போதும் வேலி தாண்டும்போதும் தோட்டாவை எடுத்துடணும்னு வேட்டைப் பயிற்சி வகுப்பில் சொல்றது சும்மா இல்லை.

சரி, நல்லதை எப்படி கண்டுபிடிக்கிறது? 'கைவேலை' என்ற வார்த்தையை நம்பாதீங்க. கையால் செஞ்ச மட்டமான சாமானும் உலகத்தில் ஏராளம். செஞ்சவரிடம் மூணு கேள்வி கேளுங்க.

முதல் கேள்வி: எப்படிப் பதனிட்ட தோல்? மரப்பட்டைச் சாற்றில் பதனிட வாரக்கணக்கில், சில முறைகளில் மாதக்கணக்கில் ஆகும். குரோமிய உப்பில் போட்டால் ஓரிரு நாளில் முடிஞ்சிடும். குரோம் தோல் மெத்துனு இருக்கும், பைக்கும் ஷூ மேல்தோலுக்கும் அருமை. ஆனா எடையைத் தொங்கவிட்டா இழுபடும். ஸ்லிங்குக்குப் பட்டைத் தோல்தான் சரி.

இந்த வித்தியாசம் நம்ம ஊருக்குப் புதுசு இல்லை. ஆவாரம்பட்டையில் பதனிட்டு, கடுக்காயில் முடிச்ச தோல்தான் மெட்ராஸிலிருந்து கப்பல் ஏறிப் போன 'ஈஸ்ட் இந்தியா லெதர்'. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் சிப்பாய்களின் பூட்ஸ் மேல்தோலுக்குப் போனதும் அதுதான். 2008ல் அதுக்குப் புவிசார் குறியீடும் கிடைச்சுது. எதிர்க்கட்சியும் நம்மகிட்டயே இருக்கு: குரோம்பேட்டை என்ற பேரே அங்கிருந்த குரோம் லெதர் கம்பெனியால் வந்தது!

கடையிலேயே சோதிக்கணும்னா, வெட்டின ஓரத்தைப் பாருங்க. பட்டைத் தோல் உள்ளே வரைக்கும் பழுப்பா இருக்கும். குரோம் தோலுக்குப் பல சமயம் நடுவில் நீலச் சாம்பல் கோடு தெரியும். ஓரத்தை பெயின்ட் அடிச்சு மூடியிருந்தா, குத்தின ஓட்டைக்குள்ளே எட்டிப் பாருங்க.

ரெண்டாவது கேள்வி: மாட்டின் எந்தப் பாகம்? முதுகெலும்பை ஒட்டின தோல் இறுக்கமானது. வயிற்றுப் பக்கம் தளர்ந்தது, சீக்கிரம் நீண்டுடும். வழுவழுப்பான பக்கம் உள்ளே வர்ற மாதிரி மடிச்சுப் பாருங்க. சன்னமா, நெருக்கமா சுருக்கம் விழுந்தா நல்ல தோல். தொளதொளன்னு பெரிய மடிப்பா விழுந்தா வெச்சுட்டு வந்துடுங்க. தடிமன் 3 முதல் 4 மில்லிமீட்டர் இருக்கணும். தோல்காரங்க கணக்கில் 8லிருந்து 10 அவுன்ஸ்.

மூணாவது: தையல் எப்படி? ஒரே நூல், ரெண்டு ஊசி, ஒவ்வொரு ஓட்டையிலும் இரண்டு பக்கமிருந்தும் போய் வர்றது சேணத் தையல். ஒரு இடத்தில் நூல் அறுந்தாலும் மத்த தையல் பிடிச்சுக்கும். மெஷின் தையல் ஒரு இடத்தில் விட்டா அடுத்தடுத்து உருவிட்டு வர வாய்ப்பு அதிகம். கைவேலைக்குக் காசு கொடுக்கறதுன்னா இதுக்குக் கொடுங்க, மான் தலைக்கு இல்லை.

தைக்காம சிகாகோ ஸ்க்ரூ போட்டிருந்தா அது தானே கழண்டு வரும். கழலாமல் பிடிக்கும் பசை ஒரு சொட்டு விட்டு முடுக்குங்க. வேட்டைத் துப்பாக்கியின் கொக்கி பெரும்பாலும் 1 அங்குலம், பழைய ராணுவ ரைஃபிளுக்கு 1¼ அங்குலம். அளந்துட்டு வாங்குங்க.

தோல் நீளுறது அவ்வளவு பெரிய குத்தமான்னு கேட்டா, அமெரிக்க ராணுவத்தின் எம்1907 ஸ்லிங்கைப் பாருங்க. ரெண்டு துண்டுத் தோல், வரிசையா ஜோடி ஓட்டைகள், மாட்டிக்க உலோகக் கொக்கி. ஸ்பிரிங்ஃபீல்டு ரைஃபிளிலும் எம்1 கேரண்டிலும் இருந்தது இதுதான். தூக்கறதுக்கு மட்டும் இல்லை, மேல்கையில் வளையமா மாட்டி இறுக்கி, ரைஃபிளை ஆடாமல் நிறுத்தவும் இதுதான் உதவி. அந்த 1907லிருந்தே தேசியப் போட்டி நடக்கிற ஓஹையோவின் கேம்ப் பெரியில் இன்னைக்கும் இதை மாட்டிச் சுடுறாங்க. அங்கே தோல் கொஞ்சம் நீண்டாலும் இறுக்கம் மாறும், குண்டு போய் விழும் இடமும் மாறும்.

நைலானே போதுமேன்னு சொல்றவங்களுக்கும் நியாயம் இருக்கு. மழையிலும் சதுப்பிலும் அலையறவங்களுக்கு அதுதான் வசதி, விலையும் குறைவு. ஆனா நைலான் வழவழன்னு தோளை விட்டு நழுவும், ஓரம் கழுத்தை அறுக்கும். நல்ல தோல் பழகப் பழக தோளுக்குப் பதியும், தையல் விட்டாலும் மறுபடி தைச்சுக்கலாம், அடுத்த தலைமுறைக்கும் கொடுக்கலாம். நனைஞ்சா நிழலில் காயவிடுங்க, அடுப்புப் பக்கம் கொண்டு போகாதீங்க. மாட்டுக் கால் எலும்பிலிருந்து எடுக்கிற நீட்ஸ்ஃபுட் எண்ணெய் வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு தரம் லேசா தடவினா போதும். ஊறப் போட்டா நல்ல தோலும் தொய்ஞ்சுடும்.

20 டாலருக்கும் ஸ்லிங் இருக்கு, 100 டாலரைத் தாண்டினதும் இருக்கு. விலை கூடினது எல்லாம் உசத்தின்னு நான் சொல்லலை. மூணு கேள்விக்கும் ஒழுங்கா பதில் சொல்றவரிடம் வேலைப்பாடே இல்லாத வெறும் பழுப்பு வாரை வாங்குங்க. கேள்வியை விட்டுட்டு மான் தலையைப் பத்தியே பேசுறவருக்கு ஒரு கும்பிடு போட்டுட்டு வந்துடுங்க.

'எனக்கு எதுக்கய்யா துப்பாக்கி வார்'னு கேக்கிற மகா ஜனங்களே, இடுப்பில் இருக்கிற பெல்ட்டைக் கழட்டி ஓரத்தை ஒரு தரம் பாருங்க. 'அசல் தோல்'னு எழுதியிருந்தும் ஆறே மாசத்தில் ஏன் வெடிச்சுப் போச்சுன்னு புரியும். (ஆபீஸில் இருந்தா வீட்டுக்குப் போய் கழட்டிப் பாருங்க, ஹி..ஹி..)