சலுகை அல்ல, சமமான காத்திருப்பு

பள்ளி விடுமுறை வந்தால் புக்கிட் பெருந்துங்கிலிருந்து எத்தனையோ குடும்பங்கள் கேளிக்கைப் பூங்காக்களுக்குக் கிளம்புகின்றன. அங்கே யாராவது தனி வழியில் அனுப்பப்பட்டால் வரிசையில் உடனே முணுமுணுப்பு எழும். "கை கால் நல்லாத்தானே இருக்கு, இவனுக்கு மட்டும் ஏன் ஸ்பெஷல்?" என் தம்பியின் காதுபட இதைப் பலர் சொல்லியிருக்கிறார்கள்.

அவனுக்கு ஆட்டிசம். ஓடுவான், ஆடுவான். ஆனால் நெரிசலிலும் இரைச்சலிலும் ஒரு மணி நேரம் நிற்கச் சொன்னால் காதைப் பொத்திக்கொண்டு அழுவான். எல்லாக் குறைபாடும் கண்ணுக்குத் தெரிவதில்லை.

முறையாக நடத்தப்படும் அணுகல் அனுமதி, காத்திருப்பை ரத்து செய்வதில்லை. அமெரிக்க டிஸ்னி பூங்காக்களில் வரிசை 50 நிமிடம் என்றால், ஏறக்குறைய அவ்வளவு நேரம் கழித்து வரச் சொல்வார்கள். அதுவரை அமைதியான ஓரிடத்தில் இருக்கலாம். காத்திருக்கும் இடம்தான் மாறுகிறது.

ஏமாற்றுபவர்கள் இல்லையா? இருக்கிறார்கள். வசதி படைத்த சிலர் மாற்றுத்திறனாளிகளைக் கூலிக்கு அமர்த்தி வரிசையைத் தாண்டியதாக 2013இல் அமெரிக்காவில் செய்தி வெளியானது. அதே ஆண்டு அக்டோபரில் டிஸ்னி பழைய அட்டையை நிறுத்திவிட்டு, நேரம் குறித்துக் கொடுக்கும் முறைக்கு மாறியது. 2024இல் விதியை மேலும் இறுக்கி, ஆட்டிசம் போன்ற வளர்ச்சிசார் குறைபாடு உள்ளவர்களுக்கே இந்த அனுமதி என்று சுருக்கியது. வேறு நோய்களால் நெடுநேரம் நிற்க முடியாத பலர் இதை எதிர்த்துக் குரல் எழுப்பினர். யாரோ செய்த ஏமாற்றுக்கு யாரோ விலை கொடுக்கிறார்கள்.

இன்னொன்றையும் யோசியுங்கள். சிங்கப்பூர் யுனிவர்சல் ஸ்டூடியோவில் கூடுதல் பணம் கட்டி எக்ஸ்பிரஸ் சீட்டு வாங்கினால் முன்னால் போகலாம். அவர்களை யாரும் முறைப்பதில்லை. பணத்துக்கு வழிவிடும் நாம், தேவைக்கு வழிவிடத் தயங்குவது நியாயமா?

நம் நாட்டின் 2008ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம், பொழுதுபோக்கு வசதிகளையும் மற்றவர்களுக்குச் சமமாகப் பெறும் உரிமையை அவர்களுக்கு அளிக்கிறது. ஆனால் மீறுவோருக்கான தண்டனையை அச்சட்டம் வகுக்காமலே நிறைவேறியது. ஆகவே பூங்கா நிர்வாகங்களின் மனமும், வரிசையில் நிற்கும் நம் மனமும்தான் அந்த உரிமையைக் காக்க வேண்டியிருக்கிறது.

நம் வீடுகளிலும் ஒரு தடை உண்டு. சமூகநலத்துறை வழங்கும் ஓ.கே.யூ. அட்டை, பார்வை, செவி, பேச்சு, உடல், கற்றல், மனநலம், பல்வகைக் குறைபாடு என ஏழு பிரிவினருக்கு உரியது. ஆட்டிசம் கற்றல் பிரிவில் அடங்கும். ஆனாலும் தம்பிக்கு விண்ணப்பிக்க அம்மா இரண்டு ஆண்டுகள் தயங்கினார். "அட்டை எடுத்தா ஊருக்கே தெரிஞ்சிடும், நாளைக்கு அக்கா கல்யாணத்துக்கு இடைஞ்சலாகும்" என்று உறவினர்கள் பயமுறுத்தியதே காரணம். தோட்டத்திலிருந்து டவுனுக்கு வந்துவிட்டோம். இந்தப் பயத்தையும் கூடவே கொண்டுவந்துவிட்டோம்.

மாணவ நண்பர்களே, உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இப்படி ஒரு பிள்ளை இருந்தால், விண்ணப்பப் படிவத்தை நிரப்பப் பெற்றோருக்கு உதவுங்கள். மருத்துவர் உறுதிப்படுத்தினால் மாவட்டச் சமூகநலத்துறை அலுவலகத்தில் பதிந்துகொள்ளலாம். அடுத்தவர் அட்டையை இரவல் வாங்காதீர்கள். தனி வழியில் ஒரு பிள்ளை போனால், அவனிடம் காரணம் கேட்காமல் வழிவிடுங்கள்.